மைதானத்தை மூடிய பேனர்

விருப்பம் போய்விட்டதாம். என் மகள் கபடி அணியை விட்டு நின்றுவிட்டதற்குப் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் சொன்ன காரணம் இது.

"இந்த ஏஜ்ல கேர்ல்ஸுக்கு இன்ட்ரஸ்ட் போயிடும், விடுங்க" என்று போனில் சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது. விருப்பம் என்ன காய்ச்சலா, வந்துவிட்டுப் போவதற்கு? பிள்ளை ஒன்பதாம் வகுப்பு. முந்தின வருஷம் வரை முழங்கால் முழுக்கச் சிராய்ப்போடு வீட்டுக்கு வந்து, அதில் மஞ்சள் வைக்க விடாமல் ஓடியவள். அவளுக்கு ஏன் போயிற்று, எப்போது போயிற்று என்று இவர் கேட்டாரா? கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் யாருமே கேட்கவில்லை.

அவள் ஆடுவதை நான் முதல்முறை பார்த்ததே தற்செயலாகத்தான். மும்பை தாராவியில் எங்களுக்கு ஒரு மளிகைக்கடை இருக்கிறது. கடையை விட்டு வர முடியாது என்று சொல்லிச் சொல்லியே இரண்டு வருஷமாக அவளுடைய மேட்ச் எதற்கும் நான் போகவில்லை. போன வருஷம் ஒரு நாள் செம்பூருக்குச் சரக்கு எடுக்கப் போனேன். அங்கே ஒரு மைதானத்தில் அன்றைக்கு அவளுக்கு மேட்ச் என்பது நினைவுக்கு வந்தது. கையில் மிளகாய் வற்றல் மூட்டையோடு போய் ஓரமாக நின்றேன். தும்மல் வந்து பக்கத்தில் நின்ற ஆள் முறைத்தார்.

வீட்டில் ஒரு டம்ளரை எடுத்து வைக்கச் சொன்னால் மூன்று தடவை கத்த வேண்டும். அப்படிப்பட்டவள் நடுக்கோட்டைக் கையால் தொட்டுக் கும்பிட்டுவிட்டு எதிரணிப் பக்கம் போனாள். கபடி கபடி கபடி என்று அந்தக் குரல் ஒரே அளவில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் குரல்தான், ஆனால் அப்படி ஒரு குரலை நான் வீட்டில் கேட்டதில்லை. எதிரே ஏழு பெண்கள், எல்லோரும் இவளைவிடத் தடியாக, கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். இவள் அவர்கள் முன்னால் ஏதோ யோசனையில் இருப்பவள்போல இடமும் வலமும் நடந்தாள். திடீரென்று ஒரு கால் நீண்டது. என் பிள்ளையின் கால் அவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. ஒருத்தியின் முட்டியைத் தொட்டுவிட்டது. தொட்ட நொடியில் மூன்று பேர் மேலே விழுந்தார்கள். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, இடுப்பை உள்ளிழுத்து, அவர்களுக்கு நடுவில் இல்லாத இடத்தில் நுழைந்து வெளியே வந்துவிட்டாள்.

அந்தத் திருப்பம் எனக்குத் தெரிந்த திருப்பம். எங்கள் சந்தில் எதிரே ஒரு ஆள் வந்தால் சுவரோடு ஒட்டித்தான் போக வேண்டும். கேஸ் சிலிண்டர் வந்தால் இன்னும் மோசம். சின்ன வயதிலிருந்து இரண்டு கையிலும் தண்ணீர்க் குடத்தோடு, ஒரு சொட்டு சிந்தாமல், அப்படித்தான் திரும்பித் திரும்பி அவள் வீடு வந்து சேர்ந்தாள். அந்தச் சந்தை நான் வைதுகொண்டே காலம் தள்ளினேன். இவள் அதிலிருந்து இப்படி ஒன்றை எடுத்து வைத்திருந்தாள். மூட்டையைத் தரையில் வைத்துவிட்டேன். கை தட்டக்கூடத் தோன்றவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அப்படி ஆடியவளுக்குத்தான் விருப்பம் போய்விட்டதாம்.

இந்த வருஷம் கோடை விடுமுறையில் அவள் பெரியவளானாள். எங்கள் ஆட்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கடை வைத்தோம், பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியத்தில் போட்டோம், ஆனால் சடங்கை விடவில்லை. சடங்கு வைப்பது தப்பு என்று சொல்ல வரவில்லை. எனக்கும் வைத்தார்கள். ஆனால் எனக்குப் பேனர் கிடையாது. சொந்தக்காரர்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். இப்போது தாராவியில் பேனர் இல்லாமல் சடங்கு இல்லை. பேனர் வைப்பது தாய்மாமனின் உரிமை. தாய்மாமன் என்றால் என் தம்பி. விக்ரோலியில் ஒரு கம்பெனியில் வேலை. மருமகள் மேல் உயிர்.

மண்டபத்துக்குக் கிளம்பும்போதுதான் அந்தப் பேனரைப் பார்த்தேன். எங்கள் சந்து மெயின் ரோட்டில் சேர்கிற இடத்தில், விளக்குக் கம்பத்துக்கும் மொபைல் கடைக்கும் நடுவே, ஒரு லாரியை மூடுகிற அளவுக்குக் கட்டியிருந்தான். எல்லோரும் பட்டுப்பாவாடையில் உட்காரவைத்து எடுத்த போட்டோவைப் போடுவார்கள். இவன் கபடிப் போட்டோவைப் போட்டிருந்தான். சிவப்பு ஜெர்சி, அரைக்கால் சட்டை, ஒரு கால் நீட்டி, கையை வீசி, கபடி சொல்ல வாயைத் திறந்தபடி என் மகள். அவள் தலைக்கு மேல் தங்க எழுத்தில் 'பூப்புனித நீராட்டு விழா'. கீழே தேதி, மண்டபம், சாப்பாட்டு நேரம். சுற்றிலும் வட்டம் வட்டமாகச் சொந்தக்காரர்கள். நடு வட்டத்தில் கூலிங் கிளாஸ் போட்ட தம்பி, கும்பிட்டபடி.

"ஏல கோட்டிப்பயலே, என்னல இது?" என்றேன்.

"யக்கா, எல்லாவனும் பட்டுப்பாவாடைதான போடுதான்? நம்ம புள்ள பிளேயர்லா!" என்றான். கண் கலங்கியிருந்தது. சத்தியமாகப் பெருமையில் கலங்கியிருந்தது. அவனை என்ன செய்வது? மண்டபத்தில் ஆட்கள் காத்திருந்தார்கள். போய்விட்டோம்.

சடங்கு முடிந்தது. பேனர் முடியவில்லை. கட்டுவதற்கு ஆள் வருவான், அவிழ்ப்பதற்கு யாரும் வரமாட்டார்கள், இங்கே வழக்கம் அதுதான். பள்ளிக்கூடம் திறந்த பிறகும் அது அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், டியூஷனுக்குப் போகிற பையன்கள், ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அதற்கு அடியில்தான் போனார்கள். என் மகள் பின்பக்கச் சந்து வழியாகச் சாக்கடையைத் தாண்டிப் போய்வந்தாள். அந்த வழி சீக்கிரம் போகும் என்றாள். நான் நம்பினேன்.

பிறகு ஒரு நாள் பிராக்டிஸுக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. கேட்டால், "நா வுட்டுட்டேம்மா" என்றாள்.

நான் காரணம் தேட ஆரம்பித்தேன். டீச்சர் போனில் சொன்னதை வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர், "வயசுக்கு வந்த புள்ள, அதுவாவே அடங்கும்" என்றார். அடங்குவதற்கு அவள் என்ன பால் சட்டியா என்று கேட்டேன். அவர் கடைக்கு உள்ளே போய்விட்டார். யோசித்துப் பார்த்தால், ஏழாம் வகுப்பில் இவளோடு ஆடத் தொடங்கிய பிள்ளைகளில் பாதிப் பேர் ஏற்கெனவே நின்றிருந்தார்கள். ஒருத்திக்கு டியூஷன். ஒருத்தி வீட்டில் அரைக்கால் சட்டை கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டான். ஒருத்தி நின்றதற்குக் காரணம் குழாய்த் தண்ணீர். பிராக்டிஸ் நேரத்தில்தான் அவர்கள் சந்தில் தண்ணீர் வரும், அவள்தான் பிடிக்க வேண்டும். டீச்சரைக் கேட்டால் எல்லோருக்கும் விருப்பம் போய்விட்டது என்பார்.

கடைசியில் அவளிடமே உட்கார்ந்து கேட்டேன். கடையில் துவரம்பருப்பைப் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு பிராக்டிஸ் மேட்ச்சும்மா. அந்தப் பக்கத்து ஸ்கூல்கூட. நா ரெய்டு போனேன். கபடி கபடின்னு சொல்லிட்டே போறேன். அவளுவ எல்லாரும் அதே தாளத்துல பேனர் பேனர் பேனர்ங்காளுவ. மெதுவா. அம்பயருக்குக் கேக்காத மாதிரி."

"நீ என்ன பண்ணுன?"

"நின்னுட்டேன். வாய் நின்னுபோச்சு. விசில் ஊதிட்டான். அவுட்."

கபடியில் பாட்டு நின்றால் ஆள் அவுட். யாரும் தொட வேண்டியதில்லை, பிடிக்க வேண்டியதில்லை.

"இதுக்குப் போயாட்டி நின்ன? நாலு வார்த்த திருப்பிக் கேக்கக் கூடாது?"

"ஒனக்குப் புரியாதும்மா." பருப்பை அளப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "முன்னாடி நா ரெய்டு போனா எல்லாவளும் என் காலப் பாப்பாளுவ. கால் எங்க வருது, கை எங்க வருதுன்னு. இப்ப என்னையப் பாக்காளுவ. எப்ப வயசுக்கு வந்தேன், எந்த மண்டபம், எல்லாந் தெரியும். அதுவும் அதே டிரெஸ். அதே போஸ். நா கால நீட்டுனாலே பேனர்தான் ஞாபகம் வரும் எல்லாருக்கும்."

அழவில்லை. மறுபடி பருப்பை அள்ளத் தொடங்கினாள். பதினாலு வயதுப் பிள்ளை, தனக்கு என்ன நடந்தது என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறது. இத்தனை பெரியவர்கள் சேர்ந்து ஒரு வார்த்தை கண்டுபிடித்தோம், விருப்பம்.

அன்றைக்கு மாலையே ஏணியை எடுத்துக்கொண்டு போய், மொபைல் கடைக்காரன் பார்க்கப் பார்க்கக் கயிற்றை அறுத்துப் பேனரை இறக்கினேன். தம்பிக்குப் போன் போட்டுக் கத்தினேன். "நா நல்லதுக்குத்தானக்கா செஞ்சேன்" என்றான். "தெரியும்ல. அதான் இன்னும் எரியுது" என்று வைத்துவிட்டேன். பேனரைச் சுருட்டிப் பரணில் போட்டேன். பிளாஸ்டிக், நல்ல கனம். தூக்கிப் போட மனம் வரவில்லை. மழைக்கு எதற்காவது ஆகும்.

பேனரை இறக்கியும் அவள் திரும்பிப் போகவில்லை. பார்த்தவர்கள் பார்த்ததுதானே. பள்ளிகளுக்கான போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. இவள் இல்லாமல் அணி ஆட வேண்டியதுதான் என்று டீச்சர் முடிவுக்கு வந்திருந்தார்.

மழை நன்றாகப் பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் அவளுடைய கூட்டாளி கடைக்கு வந்தாள். கபடியில் பிடிக்கிற பக்கம் நிற்கும்போது, ஓரத்தில் நிற்பவளும் அவளுக்கு அடுத்து நிற்பவளும் கையைக் கோத்துக்கொள்வார்கள். என் மகளின் கையைக் கோப்பவள் இவள்தான். குடும்பம் சோலாப்பூர். வீட்டில் மராத்தி. எங்கள் சந்தில் பிறந்து வளர்ந்ததால் தமிழ் பேசுவாள், என்னையும் நீ, வா, போ என்றுதான்.

"ஆன்ட்டி, அந்தப் பேனர் இருக்கா ஒங்கிட்ட?"

"எந்தப் பேனரு?"

"அதான், இவ மூஞ்சி போட்டது. பெருசு. கிரவுண்ட்ல மண்ணு மேல பேனர் போட்டுத்தான் மூடி வைக்கிறோம். ஒண்ணு கிழிஞ்சிபோச்சு. அந்த மூலை ஃபுல் சேறு."

மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து என் மகளின் குரல் வந்தது. "என் மூஞ்சியக் கீழ போடுவியா நீ?"

"ஒன் மூஞ்சிக்கு என்னா? அங்க எம்எல்ஏ மூஞ்சியே கெடக்குது. நீ என்னா பெரிய ஹீரோயினா?"

"ஆடக் கூப்புட வந்தியாக்கும்? நா வரமாட்டேன்."

"அரே, ஒன்ன யாரு கூப்ட்டா? நா பேனர் கேக்க வந்தேன். நீ வேணாம். நீ பருப்பு கட்டு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பரணில் ஏறிச் சுருட்டலை இறக்கினேன். கூட்டாளி கை நீட்டினாள். அதற்குள் என் மகள் வந்து பிடுங்கிக்கொண்டாள்.

"குடும்மா. நானே கொண்டுபோறேன். இவகிட்ட குடுத்தா ரோட்டுல விரிச்சுக் காட்டிட்டே போவா."

நீளச் சுருட்டல், ஒருத்தியாகத் தூக்கிக்கொண்டு சந்தில் நடக்க முடியாது. முன்னால் அவள், பின்னால் கூட்டாளி, தோளில் வைத்துக்கொண்டு மழையில் நடந்தார்கள். நான் கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டுக் குடையோடு பின்னால் போனேன். என்ன நடக்கும் என்று எனக்கே தெரியவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் செம்மண் போட்ட சின்ன மைதானம். அதன்மேல் பழைய பேனர்களாக விரித்துக் கிடந்தன. பிறந்தநாள் கொண்டாடும் தலைவர்கள், கணபதிப் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்லும் தலைவர்கள், எல்லோரும் மல்லாந்து கிடந்து மழையைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலை மட்டும் திறந்து, சேறாகிக் கிடந்தது. அணிப் பிள்ளைகள் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்று இவளையே பார்த்தார்கள்.

கூட்டாளி மெதுவாகச் சொன்னாள். "குப்புறப் போட்ரு. யாருக்கும் தெரியாது."

என் மகள் சுருட்டலைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். மழை அவள் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது. பிறகு காலால் ஓர் உதை உதைத்தாள். சுருட்டல் உருண்டு விரிந்தது. ஜெர்சி, கால், கை, திறந்த வாய், தங்க எழுத்து எல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டு.

"எல்லாரும் மேல பாத்துத்தான கெடக்காவ. நா மட்டும் என்னத்துக்குக் குப்புற?" என்றாள்.

காற்றில் பறக்காமல் இருக்கச் செங்கல் வைக்க வேண்டும். கூட்டாளி ஒரு செங்கல்லைத் தூக்கிக்கொண்டு, "எங்க வைக்க?" என்றாள்.

"மாமா மூஞ்சில வை."

தாழ்வாரத்தில் நின்ற பிள்ளைகள் மொத்தமும் வெடித்துச் சிரித்தன. இவளும் சிரித்தாள். சரியாகக் கூலிங் கிளாஸ் மேல் செங்கல்லை வைத்தார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு, செம்பூரில் மிளகாய் மூட்டையோடு நின்றதுபோலவே நின்றேன். நான் ஏணி வைத்து ஏறி, கயிற்றை அறுத்து, ஊரைக் கூட்டி இறக்கிய பேனர் அது. இறக்கி ஒளித்துத்தான் வைக்க முடிந்தது என்னால். இவள் அதை ஓர் உதையில் மைதானத்துக்குக் கூரை ஆக்கிவிட்டாள். எங்கிருந்து வருகிறது இந்தப் பிள்ளைகளுக்கு இந்தத் தெம்பு? நான் கொடுக்கவில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அன்று அவர்கள் தாழ்வாரத்திலேயே பிராக்டிஸ் செய்தார்கள். யாரும் அவளை வா என்று கூப்பிடவில்லை. கூட்டாளி போய் நின்று, பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினாள். இவள் போய்க் கோத்துக்கொண்டாள்.

தம்பிக்குச் சொன்னேன். "மேல பாத்த மாதிரியாக்கா போட்டா?" என்று கேட்டான்.

"ஆமா."

"அப்ப என் மூஞ்சி?"

"அதுல செங்கல்லு இருக்கு."

பிறகு, "பரவால்ல, நம்ம புள்ளதான" என்றான்.

போட்டி மாட்டுங்காவில் ஒரு மைதானத்தில் நடந்தது. கடையைப் பூட்டிவிட்டே போனேன். எதிரணி அதே பக்கத்துப் பள்ளிக்கூடம். இவள் முதல் ரெய்டு போனதுமே ஆரம்பித்துவிட்டார்கள். உதடு அசையாமல், பேனர் பேனர் பேனர். நான் நின்ற இடத்துக்கே கேட்டது. அம்பயரைப் போய் உலுக்கலாமா என்று இருந்தது. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கபடி கபடி கபடி. அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவர்கள் சொல்லச் சொல்ல, அந்தத் தாளத்திலேயே காலை வைத்து நடந்தாள். யாரையும் தொடவில்லை. கோட்டைத் தாண்டி உள்ளே போய், சுற்றிப் பார்த்துவிட்டு, மூச்சு அறுபடாமல் திரும்பி வந்தாள். புள்ளி ஒன்றும் இல்லை. வேடிக்கை பார்த்தவர்களுக்கு அது ஒன்றுமில்லாத ரெய்டு. நான் மட்டும் பைத்தியக்காரிபோலக் கை தட்டினேன். பக்கத்திலிருந்த அம்மாள், "பாயிண்ட் இல்லையே?" என்றார். "ஒங்களுக்கு என்ன தெரியும்" என்றேன்.

அடுத்தடுத்த ரெய்டுகளில் ஆட்களைத் தொட்டாள். பிடியும் பட்டாள். கடைசியில் ஒருத்தி கணுக்காலைப் பிடித்து இழுக்க, இவள் நடுக்கோட்டை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டே தரையோடு நகர்ந்தாள். விரல் எட்டவில்லை. கொஞ்சத்தில் தோற்றுப்போனார்கள். அப்போதும், விசில் ஊதுகிறவரை, தரையில் மூக்கு உரசிக்கொண்டே கபடி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேட்ச் முடிந்து, குழாயடியில் எல்லாப் பிள்ளைகளும் முழங்கையைக் கழுவிக்கொண்டு நின்றார்கள். கணுக்காலைப் பிடித்த அந்த எதிரணிப் பெண் என் மகள் பக்கத்தில் வந்தாள். அவளும் நம்ம ஊர்ப் பேச்சுதான். பேனர் பேச்சை ஆரம்பித்தவளே அவள்தான் என்று பிறகு சொன்னார்கள். என் மகளை நேராகப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"ஏட்டி, ஒன் பேனர எடுத்துட்டாவளா?"

"எடுத்தாச்சு. ஏன்?"

"என் பேனரு இன்னும் தொங்குது. தாணேல, எங்க பெரியப்பா வீட்டு வாசல்ல. லீவுக்குக்கூட நா அங்க போறதில்ல."

என் மகள் ஜெர்சியில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அவுத்துக் கொண்டாந்து ஒங்க கிரவுண்ட்ல போடு. மழைக்கு நல்லாருக்கு. ஆனா மறக்காம மூலைல செங்கல்லு வை."

அந்தப் பெண் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றது. பிறகு சிரித்தது.

அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு. அவள் ஆடுவாளா என்று எனக்குத் தெரியாது. படிப்பு என்று நிற்கலாம், அலுத்துப்போய் நிற்கலாம். நிற்கட்டும், அது அவள் பாடு. ஆனால் அப்போது யாராவது எனக்குப் போன் போட்டு விருப்பம் போய்விட்டது என்று சொல்லட்டும், அன்றைக்கு இருக்கிறது.

தோற்றதற்கு மறுநாள் காலை மழை விட்டிருந்தது. நான் கடை திறக்க எழுந்தபோது அவள் படுக்கை சுருட்டி வைத்திருந்தது. சந்தின் முனையில் நின்று கூட்டாளியைக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வெயில் ஏறுவதற்குள் போய்ப் பேனர்களைச் சுருட்டி எடுத்தால்தான் மண் காயுமாம். பேனர் கட்டியிருந்த அந்த விளக்குக் கம்பத்தில் சாய்ந்துகொண்டுதான் கூப்பிட்டாள்.